அவையில் அரை நூற்றாண்டு – 4: வாசலோடு நின்ற வெற்றி

1961ஆம் ஆண்டு மே 8, திங்கட்கிழமை. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில், காமன்ஸ் சபையின் வாசலை நோக்கி முப்பத்தாறு வயது மனிதர் ஒருவர் நடந்து வருகிறார். நான்கு நாட்களுக்கு முன்புதான் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதி இடைத்தேர்தலில் வென்றிருக்கிறார். அவருக்கு விழுந்தவை 23,275 வாக்குகள். எதிர்த்து நின்ற கன்சர்வேட்டிவ் வேட்பாளருக்கு 10,231. இரண்டு மடங்குக்கும் மேல்.

வாசலில் நிற்கும் காவலர் மறிக்கிறார். உள்ளே விட முடியாது என்கிறார். யார் உத்தரவு என்று வந்தவர் கேட்கிறார். சபாநாயகரின் உத்தரவு என்று பதில் வருகிறது. மீறி உள்ளே போனால் பலத்தைப் பயன்படுத்துவீர்களா என்று கேட்கிறார். தேவைப்பட்டால் ஆம் என்கிறார் காவலர். இருவர் குரலிலும் கோபம் இல்லை. வென்றவர் திரும்பி நடக்கிறார்.

அவர்தான் இந்தத் தொடரின் நாயகர் டோனி பென். 1950 நவம்பரில் இதே தொகுதியில் முதன்முதலாக வென்று, பத்து ஆண்டுகள் இதே வாசல் வழியாகப் போய்வந்தவர். அங்கே அவரை அறியாதவர் கிடையாது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் இப்போது டோனி பென் இல்லை. ஸ்டான்ஸ்கேட் விஸ்கவுண்ட் என்ற பிரபு. பிரபுவுக்குக் காமன்ஸ் சபையில் இடம் கிடையாது.

1950இல் தொடங்கி 2001இல் விடைபெறும்வரை, பென்னின் நாடாளுமன்ற வாழ்வில் இரண்டே இடைவெளிகள். இரண்டாவது, மக்கள் அவரைத் தோற்கடித்ததால் வந்தது. முதலாவது, மக்கள் ஜெயிக்க வைத்தும் வந்தது. அந்த முதல் இடைவெளியின் கதைதான் இந்த அத்தியாயம். இந்த மனிதரின் அரசியல் முழுவதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கேட்காமல் வந்த பட்டம்

தந்தை வில்லியம் வெட்ஜ்வுட் பென்னை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். லிபரல் கட்சியில் தொடங்கி, 1927இல் தொழிற்கட்சிக்கு வந்தவர். 1929 முதல் 1931 வரை பிரிட்டிஷ் அமைச்சரவையில் இந்தியாவுக்கான அமைச்சர். நம் உப்புச் சத்தியாகிரகமும் காந்தி–இர்வின் ஒப்பந்தமும் அவர் பதவிக்காலத்தில் நடந்தவை. 1931இல் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் வந்த காந்தியை, ஆறு வயதுச் சிறுவனாக டோனி சந்தித்ததையும் சொல்லியிருந்தேன்.

அந்தத் தந்தைக்கு 1942 ஜனவரியில் விஸ்கவுண்ட் பட்டம் வந்தது. போர்க்காலக் கூட்டணி அரசு நடந்துகொண்டிருந்தது. பிரபுக்கள் சபையில் தொழிற்கட்சிக்கு ஆள் போதவில்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் அவரை அங்கே அனுப்பினார்கள். சிக்கல் என்னவென்றால், அன்றைய பிரபுப் பட்டம் வாழ்நாளோடு முடிவதில்லை. தந்தை கண்மூடியதும் மூத்த மகனுக்குப் போகும். அவருக்குப் பின் அவர் மகனுக்கு. ஆகவே பட்டத்தை ஏற்பதற்கு முன் மூத்த மகன் மைக்கேலிடம் சம்மதம் கேட்டார் தந்தை. மைக்கேலுக்கு அரசியலில் நாட்டமில்லை, பாதிரியாராக விரும்பியவர். அவருக்கு ஆட்சேபம் இல்லை. இளையவர் டோனியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அன்று இருந்ததாகத் தோன்றவில்லை.

1944 ஜூனில் விமானப் படை விமானியாக இருந்த மைக்கேல் இறந்தார். டோனிக்கு அப்போது பத்தொன்பது வயது. அண்ணனை இழந்த துக்கத்தோடு, அண்ணனுக்கு வரவேண்டிய பட்டமும் தன் பக்கம் திரும்பிவிட்டதை அவர் உணர்ந்தார். வாழ்நாள் முழுவதும் அந்த அண்ணனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் குரல் உடையும். பட்டத்தை அவர் அவ்வளவு வெறுத்ததற்குக் கொள்கை மட்டுமே காரணம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

1950இல் சர் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ் உடல்நலம் கெட்டுப் பதவி விலகியதால் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதி காலியானது. 1942இல் தூதுக்குழுவோடு டில்லிக்கு வந்த அதே கிரிப்ஸ்தான். அவருடைய இடத்தில் இருபத்தைந்து வயது டோனி நின்று வென்றார். வென்ற நாள் முதலே தலைக்கு மேல் கத்தி தொங்கியது. தந்தைக்கு அப்போது எழுபத்துமூன்று வயது. அவர் எத்தனை நாள் இருப்பாரோ, அத்தனை நாள்தான் மகனின் பதவி. எந்த மகனுக்கும் வரக்கூடாத கணக்கு இது.

1955இல் தந்தையே மகனுக்காக முன்வந்தார். டோனி மட்டும் பட்டத்தைத் துறக்க அனுமதி கேட்டு, பிரபுக்கள் சபையில் ஒரு தனி மசோதா கொண்டுவந்தார். சபை அதைத் தள்ளிவிட்டது. 1960 நவம்பர் 17 அன்று எண்பத்துமூன்று வயதில் தந்தை மறைந்தார். அந்த நொடியில் மகன் பிரபுவானார். கையெழுத்து இல்லை, பதவியேற்பு இல்லை, சம்மதமும் தேவையில்லை. அப்பாவை அடக்கம் செய்யும் துயரத்துக்கு நடுவே, பத்து ஆண்டுகளாகச் செய்துவந்த வேலையும் கையைவிட்டுப் போனது.

இரத்தத்தோடு ஒட்டியது

பென் சும்மா இருக்கவில்லை. சட்டப் புத்தகங்களுக்குள் இறங்கினார். பிரபுக்கள் சபைக்கு வருமாறு அரசரின் அழைப்பாணை வந்தால்தான் ஒருவர் அங்கே உட்கார முடியும். அந்த அழைப்பாணையை நான் கேட்டு வாங்கவில்லை, ஆகவே நான் இன்னும் காமன்ஸ் உறுப்பினர்தான் என்று வாதிட்டார். விஷயம் சபையின் உரிமைக் குழுவிடம் போனது. 1961 மார்ச்சில் குழு கைவிரித்தது. அழைப்பாணை வந்ததா இல்லையா என்பது பொருட்டல்ல. தந்தையிடமிருந்து பட்டம் இறங்கியதே போதும் என்பது அதன் முடிவு. சபையில் நின்று தன் தரப்பைச் சொல்ல அனுமதி கேட்டார். அதையும் வாக்கெடுப்பு நடத்தி மறுத்தார்கள். தொகுதி காலி என்று அறிவிக்கப்பட்டது.

இந்தச் சுவரில் மோதியவர்களில் பென் முதலாமவர் இல்லை. 1890களில் பிரபு குடும்பங்களின் வாரிசுகளான மூன்று இளம் உறுப்பினர்கள், தங்களில் யாருக்கு முதலில் பட்டம் வருகிறதோ அவர் காமன்ஸை விட்டுப் போக மறுக்க வேண்டும் என்று பேசிவைத்துக்கொண்டார்கள். 1895இல் வோல்மர் என்பவருக்கு முதலில் அந்த நிலை வந்தது. முயன்றார், முடியவில்லை. அந்த மூவரில் இன்னொருவர் ஜார்ஜ் கர்சன். ஆம், பிற்பாடு வைஸ்ராயாக வந்து வங்கத்தைப் பிரித்த கர்சன்தான்.

ஆனால் பென்னுக்கு ஆதர்சமாக அமையக்கூடியவர்கள் வேறு இருவர். ஒருவர் ஜான் வில்க்ஸ். 1769இல் மிடில்செக்ஸ் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தது, சபை வெளியேற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 1,143 வாக்குகள் வாங்கிய வில்க்ஸை ஒதுக்கிவிட்டு, 296 வாக்குகள் வாங்கியவரை உறுப்பினர் என்று அறிவித்தார்கள். இன்னொருவர் சார்லஸ் பிராட்லா. கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்பதால் உறுதிமொழிப் பிரச்சினையில் 1880 முதல் அவருக்கு இடம் மறுத்தார்கள். நார்தாம்ப்டன் மக்கள் சலிக்காமல் மீண்டும் மீண்டும் அவரையே அனுப்பினார்கள். 1886இல்தான் அவரால் இருக்கையில் அமர முடிந்தது. இந்தியாவுக்காக ஓயாமல் குரல் கொடுத்தவர் அவர். 1889இல் பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்கே வந்திருந்தார். அவருடைய அடக்கத்தின்போது, லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த இளைஞர் காந்தி போய் நின்றார்.

இந்த இருவருக்கும் துணை நின்றது சட்டமல்ல, தொகுதி மக்கள். பென்னும் அவர்களிடமே போனார்.

பிரிஸ்டலின் பதில்

பிரிஸ்டல் பழைய துறைமுக நகரம். அன்று புகையிலை ஆலைகளும் சாக்லேட் ஆலையும் விமானத் தொழிற்சாலையும் கொண்டிருந்த உழைப்பாளிகளின் ஊர். அந்த நகரத்தின் நடுவே எட்மண்ட் பர்க்கின் சிலை நிற்கிறது. 1774 முதல் 1780 வரை பிரிஸ்டலின் பிரதிநிதியாக இருந்தவர் பர்க். பின்னாளில் வாரன் ஹேஸ்டிங்ஸைக் கூண்டில் ஏற்றியவர். உறுப்பினர் தன் சொந்த அறிவின்படி முடிவெடுக்க வேண்டும், தொகுதியின் ஏவலாளாக இருக்கக் கூடாது என்று அந்த ஊர் வாக்காளர்களிடமே சொன்னவர். உறுப்பினரின் சுதந்திரத்தை பர்க் பேசிய அதே ஊரில், வாக்காளரின் சுதந்திரத்தை பென் கேள்வியாக எழுப்பினார். தங்களுக்கு யார் வேண்டும் என்று சொல்லும் உரிமை ஒரு தொகுதிக்கு உண்டா, இல்லையா?

இடைத்தேர்தலில் பென் வேட்புமனு போட்டார். தேர்தல் அதிகாரி ஏற்றுக்கொண்டார். எதிர் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேர். அவரும் ஒரு பிரபுப் பட்டத்துக்கு வாரிசாக இருந்தவர்தான். அவர் தரப்பு ஊரெங்கும் அறிவிப்பு ஒட்டியது: பென் தகுதியற்றவர், அவருக்குப் போடும் வாக்கு வீண். இதைச் சட்டம் தெரிந்தே செய்தார்கள். வேட்பாளருக்குத் தகுதியில்லை என்று தெரிந்தும் வாக்களித்தவர்கள் தங்கள் வாக்கைத் தூக்கி எறிந்ததாகவே கருதப்படுவார்கள் என்று ஒரு பழைய விதி இருந்தது. அதைப் பயன்படுத்தத்தான் அந்த எச்சரிக்கை.

பென்னுக்கு எதிர்பாராத இடத்திலிருந்தும் ஆதரவு வந்தது. ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியின் பெருந்தலைவரான வின்ஸ்டன் சர்ச்சில், பட்டத்தைத் துறக்கும் உரிமையை ஆதரித்துக் கடிதம் எழுதினார். பென் அதைப் பிரசாரத்தில் பயன்படுத்திக்கொண்டார்.

மே 4 அன்று மக்கள் வாக்களித்தார்கள். வாக்கு வீண் என்ற சுவரொட்டியைப் படித்துவிட்டு, அதன் வழியாகவே நடந்துபோய், பென்னின் பெயருக்கு எதிரே பென்சிலால் பெருக்கல் குறி போட்டவர்கள் 23,275 பேர். அவர்களை நினைத்துப் பார்க்கிறேன். ஆலை வேலை முடிந்து வந்தவர்கள், கடைக்காரர்கள், வயதான பெண்கள். தங்கள் வாக்குக்கு மதிப்பிருக்காது என்று தெரிந்தும் வரிசையில் நின்று போட்டார்கள். மறுநாளே பயன் தரும் வாக்கை யார் வேண்டுமானாலும் போடலாம். உங்கள் சட்டம் தவறு என்று சொல்வதற்காகவே போட்ட வாக்கு இது. மே 8 அன்று அந்த வாசலில் காவலர் மறித்தது ஒரு மனிதரை மட்டும் அல்ல.

நீதிமன்றத்தில் தனியாக

தோற்றவர் வழக்குப் போட்டார். தேர்தல் நீதிமன்றம் 1961 ஜூலையில் கூடியது. நீதிபதிகள் கார்மன், மெக்நேர். பென் வழக்கறிஞர் படிப்பு படித்தவர் இல்லை. ஆனாலும் தன் வழக்கைத் தானே வாதாடினார். நூற்றாண்டுகள் பழைய முன்னுதாரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நாள்கணக்கில் பேசினார். அவருடைய வாதத் திறமையை நீதிபதிகளே பாராட்டினார்கள். ஜூலை 28 அன்று தீர்ப்பு வந்தது. பிரபுப் பட்டம் இரத்தத்தோடு ஒட்டியது, பிடுங்கி எறியவோ கைமாற்றவோ முடியாது, பென் தகுதியற்றவர். அவருக்குத் தகுதியில்லை என்று வாக்காளர்களுக்குத் தெரிந்தே இருந்ததால் அவர்கள் போட்ட வாக்குகள் வீண். ஆகவே 10,231 வாக்குகள் வாங்கிய செயின்ட் கிளேரே உறுப்பினர்.

வழக்குச் செலவும் பென் தலையில் விழுந்தது. கட்சி பேதமின்றிப் பலர் பணம் கொடுத்து உதவினார்கள். அவர்களில் சர்ச்சிலும் ஒருவர்.

நீதிபதிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இருந்த சட்டத்தை அவர்கள் படித்தார்கள். அதில் எழுதியிருந்தது அதுதான். ஆனால் அந்தத் தீர்ப்புதான் சட்டத்தின் அநியாயத்தை ஊருக்கு வெட்டவெளிச்சமாக்கியது. ஒரு தொகுதி பெருவாரியாக நிராகரித்தவர் அந்தத் தொகுதியின் குரலாகக் காமன்ஸின் பச்சை நிற இருக்கையில் போய் அமர்ந்தார். இதைப் பார்த்த பிறகு, சட்டம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்ல ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியிலேயே பலருக்கு நா எழவில்லை. இரு சபைகளின் கூட்டுக் குழு அமைந்தது. 1962 டிசம்பரில் அறிக்கை தந்தது. பட்டத்தைத் துறக்க வழி செய்யலாம் என்றது.

மாலை 6 மணி 22 நிமிடம்

அடுத்த ஆண்டு மசோதா வந்தது. அடுத்த பொதுத்தேர்தலில் இருந்துதான் சட்டம் நடைமுறைக்கு வர வேண்டும் என்பது அரசின் திட்டம். பிரபுக்கள் சபை அதைத் திருத்தியது. அரசியின் ஒப்புதல் கிடைத்த உடனேயே நடைமுறைக்கு வரட்டும் என்றது. எட்டு ஆண்டுகளுக்கு முன் தந்தையின் மசோதாவைத் தள்ளிய அதே சபை, மகனுக்குக் கதவைச் சீக்கிரமாகத் திறந்துவிட்டது.

1963 ஜூலை 31. மாலை ஆறு மணியைத் தாண்டிய சிறிது நேரத்தில் பிரபுப் பட்டச் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. 6 மணி 22 நிமிடத்துக்கு பென் துறவுப் பத்திரத்தை ஒப்படைத்தார். பிரிட்டனின் வரலாற்றில் அந்தச் சட்டத்தின்படி பட்டத்தைத் துறந்த முதல் மனிதர் அவர். பத்தொன்பது வயதிலிருந்து தோளில் கிடந்த சுமை முப்பத்தெட்டாவது வயதில் இறங்கியது.

இந்த இடத்தில் மால்கம் செயின்ட் கிளேருக்கு நாம் மரியாதை செய்ய வேண்டும். பென்னுக்குத் தகுதி கிடைத்தால் நான் விலகுவேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். சட்டம் வந்ததும் சொன்னபடி விலகினார். பிரிட்டனில் உறுப்பினர் நேரடியாக ராஜினாமா செய்ய முடியாது. பெயரளவிலான அரசப் பதவி ஒன்றை ஏற்றால் உறுப்பினர் தகுதி தானாகப் போய்விடும். நார்த்ஸ்டெட் பண்ணையின் காரியஸ்தர் என்ற அப்படியொரு பதவியை ஏற்று அவர் வெளியேறினார். நீதிமன்றம் தந்த இடம் அது. யாரும் அவரை விரட்டியிருக்க முடியாது. சொன்ன சொல்லுக்காக எழுந்து போனார்.

ஆகஸ்ட் 20 அன்று மறுபடி இடைத்தேர்தல். கன்சர்வேட்டிவ் கட்சியும் லிபரல் கட்சியும் வேட்பாளரை நிறுத்தவில்லை. பென் சுமார் 15 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இந்த முறை வாசலில் யாரும் மறிக்கவில்லை.

கதவு திறந்தால்

கதவைத் திறப்பவர் ஒருவர், அதன் வழியே நடப்பவர்கள் பலர். 1963 அக்டோபரில் பிரதமர் ஹரால்டு மேக்மில்லன் உடல்நலம் கெட்டு விலகினார். அடுத்த பிரதமராக வந்தவர் பதினான்காவது ஹோம் பிரபு. பென் போராடி வாங்கிய சட்டத்தின்படியே அவர் தன் பட்டத்தைத் துறந்து, சர் அலெக் டக்ளஸ்–ஹோம் ஆகி, இடைத்தேர்தலில் வென்று காமன்ஸுக்கு வந்தார். தொழிற்கட்சிக்காரர் திறந்த வழியில் முதலில் பெரிய லாபம் அடைந்தது கன்சர்வேட்டிவ் கட்சி. பென்னின் தோழர்கள் சிலருக்கு அது கசந்திருக்கும். எனக்கு அது அந்தச் சட்டத்தின் நேர்மைக்குச் சான்றாகவே தெரிகிறது. தனக்கு மட்டும் திறக்கும் கதவைக் கேட்டது 1955இன் மசோதா. எல்லாருக்கும் திறந்தது 1963இன் சட்டம். பரம்பரைப் பட்டம் பெற்ற பெண்கள் முதன்முதலாகப் பிரபுக்கள் சபையில் உட்கார வழி கிடைத்ததும் இதே சட்டத்தால்தான்.

துறவு ஒரு தலைமுறைக்குத்தான் செல்லும். துறந்தவரின் காலம்வரை பட்டம் உறங்கிக் கிடக்கும். 2014 மார்ச்சில் பென் இறந்ததும் அது மூத்த மகன் ஸ்டீபனைச் சேர்ந்தது. இரண்டாவது மகன் ஹிலாரி 1999 முதல் காமன்ஸ் உறுப்பினர். இரத்தம் என்ற சங்கிலி அவ்வளவு எளிதில் அறுந்துவிடாது.

ஆனால் பென்னிடம் ஒன்று மாறாமல் தங்கிவிட்டது. பின்னாளில் அதிகாரத்தில் இருக்கும் எவரிடமும் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும் என்று அவர் சொல்லிவந்தார். உங்களிடம் என்ன அதிகாரம் இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது, யார் நலனுக்காக அதைச் செலுத்துகிறீர்கள், யாருக்குப் பதில் சொல்வீர்கள், உங்களை நாங்கள் எப்படி நீக்குவது? இந்த ஐந்தையும் அவர் முதலில் கேட்டது தன்னிடமே என்று நான் நினைக்கிறேன். பிரபுவாக இருந்தால் கடைசிக் கேள்விக்குப் பதிலே கிடையாது. காமன்ஸ் உறுப்பினருக்குப் பதில் உண்டு.

1983இல் அந்தப் பதிலை பிரிஸ்டல் மக்களே சொன்னார்கள். தொகுதி எல்லைகள் மாறியிருந்தன. பிரிஸ்டல் கிழக்குத் தொகுதியில் பென் தோற்றார். முப்பத்துமூன்று ஆண்டுப் பந்தம் ஒரே இரவில் முடிந்தது. அன்று அவர் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் எந்த உரிமைக்காக அந்த வாசலில் நின்றாரோ, அந்த உரிமையைத்தான் மக்கள் பயன்படுத்தியிருந்தார்கள்.

*(அடுத்த அத்தியாயத்தில்: 1963இன் அதே கோடையில் பிரிஸ்டலில் இன்னொரு வாசலும் மூடிக் கிடந்தது. கறுப்பினத்தவருக்கும் ஆசியர்களுக்கும் பேருந்தில் நடத்துநர் வேலை கிடையாது என்றது நகரின் பேருந்து நிறுவனம். மக்கள் பேருந்தைப் புறக்கணித்தார்கள். பென் அவர்கள் பக்கம் நின்றார். அவர் வென்ற எட்டாம் நாள் அந்தத் தடை விழுந்தது. முதல் நடத்துநராக ஏறியவர் ரக்பீர் சிங் என்ற இந்தியர்.)*